காக்கை பறக்கும் வழி: ‘ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரைக் கையாள்வது எப்படி?

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்றொரு ஊர் இருக்கிறது. வானம் தெளிந்திருக்கும் நாளில் அந்த ஊர்க் கடற்கரையில் நின்றால், பிரிஸ்டல் கால்வாயின் நீர்ப்பரப்புக்கு அப்பால் வேல்ஸ் நாட்டின் கரை கண்ணுக்குத் தெரியும். வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஆனால், காரில் புறப்படுகிறவர் வடகிழக்கே பிரிஸ்டல் பக்கம் சென்று, செவர்ன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, மறுகரையில் மேற்கு நோக்கித் திரும்பி வர வேண்டும். 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகே கார்டிஃப் வந்து சேரும். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு என்ன என்று கேட்டால் இருபதும் சரியான விடை, எண்பதும் சரியான விடை. இருபது என்று விடை சொல்கிற ஆங்கிலேயர், கேட்பவர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூடவே நான்கு சொற்களைச் சேர்த்துக்கொள்கிறார்: ‘ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘காக்கை பறக்கிறபடி’ என்று வரும்.

பள்ளிப் பாடநூல்களும் தேர்வு வழிகாட்டிகளும் இத்தொடருக்கு ‘நேர்க்கோட்டுத் தூரம்’ என்று ஒற்றை வரியில் பொருள் எழுதி முடித்துவிடுகின்றன. அந்தப் பொருள் தவறானதன்று. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர் தொடரைப் பயன்படுத்தும்போது, அவர் வாக்கியத்தில் ஏதோ ஒன்று இடறுகிறது. இத்தொடர் தூரத்தை அளப்பதைவிட முக்கியமான ஒரு வேலையைச் செய்கிறது. ‘நான் இப்போது சொன்ன எண் வரைபடத்தில் அளந்த எண், நீங்கள் நடக்கப்போகிற அல்லது ஓட்டப்போகிற எண் அன்று’ என்று கேட்பவருக்கு அது முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. இந்த அறிவிப்புக்குத் தேவை உள்ள இடத்தில் தொடரைச் சொல்ல வேண்டும். தேவை இல்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும். கீழே வரும் குறிப்புகள் யாவும் இந்த ஒரு கருத்திலிருந்தே கிளைக்கின்றன.

வாக்கியத்தில் அமையும் இடம்

முதலில் தூரத்தைச் சொல்ல வேண்டும். அதன் பின்னால் தொடர் வர வேண்டும். ‘த வில்லேஜ் இஸ் சிக்ஸ் மைல்ஸ் அவே ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ், பட் நைன் பை ரோட்’ என்பது எல்லா வகையிலும் நிறைவான ஒரு மாதிரி வாக்கியம். கிராமம் நேராக ஆறு மைல், சாலை வழியே ஒன்பது மைல் என்பது அதன் பொருள். இதில் இரண்டாம் பாதியைக் கவனிக்க வேண்டும். ‘பட்’ என்ற சொல்லோடு சாலைத் தூரமோ பயண நேரமோ தொடர்ந்து வருவது இத்தொடரின் இயல்பு. அந்த இரண்டாம் எண் வராமல் வாக்கியம் முடிந்துவிட்டால், பழகிய காது அதற்காகக் காத்திருக்கும். எழுதுகிறவருக்கு இரண்டாம் எண் தெரியும் என்றால் அதைக் கொடுத்துவிடுவதே நல்லது.

தொடர் உறைந்துபோன வடிவம் உடையது. காக்கை எப்போதும் ஒருமையில்தான் வரும். அதற்கு முன்னால் ‘த’ கட்டாயம் வரும். ‘ஃப்ளைஸ்’ என்ற நிகழ்கால வினை, கதை முழுவதும் இறந்த காலத்தில் நடந்தாலும் மாறாது. ‘இட் வாஸ் டென் மைல்ஸ் ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்றே எழுத வேண்டும். ‘வாஸ்’ வந்துவிட்டதே என்று ‘ஃப்ளூ’ என மாற்றக் கூடாது. அன்றைக்கு ஒரு காக்கை பறந்த கதையை இங்கே யாரும் சொல்லவில்லை. காக்கை எப்போதும் அப்படித்தான் பறக்கும் என்ற பொதுநம்பிக்கையை அளவுகோலாகக் கொள்கிறோம், அதனால்தான் நிகழ்காலம் நிலைத்து நிற்கிறது.

தமிழ் பேசுகிறவர்களிடம் நான் மீண்டும் மீண்டும் காணும் பிழைகள் இரண்டு. ஒன்று, ‘லைக் எ க்ரோ’ என்று எழுதுவது. தமிழில் ‘போல’ என்ற ஒரே சொல் இரண்டு ஆங்கிலச் சொற்களின் வேலையையும் பார்த்துவிடுவதால் இந்தப் பிழை வருகிறது; ஆனால் ‘லைக் எ க்ரோ’ என்றவுடன் ஆங்கில வாசகர் மனத்தில் சிறகடிக்கும் ஒரு மனிதரே தோன்றுவார், தூரம் தோன்றாது. மற்றொன்று, ‘க்ரோ ஃப்ளையிங் டிஸ்டன்ஸ்’ என்பது. ‘காக்கை பறக்கிற தூரம்’ என்ற பெயரெச்சத் தொடரைத் தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் இறக்கியதால் விளைந்தது அது. ஒரு காக்கை களைப்படையாமல் எவ்வளவு தூரம் பறக்கும் என்று பறவையியல் கேட்பதைப் போல அது ஒலிக்கிறது. பெயர்ச்சொல்லாகவே ஒன்று வேண்டும் என்றால், ‘ஸ்ட்ரெய்ட்-லைன் டிஸ்டன்ஸ்’ என்ற நேரான சொல் இருக்கிறது. அறிக்கையிலும் ஆய்விலும் அதுவே பொருத்தம்.

‘அபவுட்’, ‘ரஃப்லி’ போன்ற ஏறத்தாழச் சொற்கள் தூரத்துக்கு முன்னால் வரலாம். பெரும்பாலும் வரவும் செய்கின்றன. மாறாக, 2.347 கிலோமீட்டர் என்று புள்ளி மூன்று இலக்கம் வரை துல்லியமாக எழுதிவிட்டு அதன் பின்னால் காக்கையைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் நடை பொருந்தாது. இது பேச்சு மொழியின் தொடர். கையால் வரைபடத்தைக் காட்டிச் சொல்கிற தோராயம் அதன் உடன்பிறப்பு.

கேட்கும்போது பயன்படுவது

பேசுவதைவிடக் கேட்கும்போதுதான் இத்தொடர் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். வீடு வாடகைக்குப் பார்க்கிறீர்கள். விளம்பரத்தில் ‘ரயில் நிலையத்துக்கு அரை மைல்’ என்று இருக்கிறது. இடையில் ஓர் ஆறோ, வேலியிட்ட இருப்புப்பாதையோ, பெரிய நெடுஞ்சாலையோ இருந்தால் அந்த அரை மைல் நடையில் ஒன்றரை மைலாகிவிடும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி இது: ‘இஸ் தட் பை ரோட் ஆர் ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்?’ பணிவும் தெளிவும் உள்ள கேள்வி. யாரையும் குற்றம் சாட்டாமல் எண்ணின் இயல்பை மட்டும் விசாரிக்கிறது. வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கு நான் முதலில் பழக்கிவிடுவது தொடரின் இந்தக் கேள்வி வடிவத்தைத்தான்.

சொல்லக் கூடாத இடங்கள்

வழி கேட்டு நிற்கும் ஒருவரிடம் காக்கைத் தூரத்தை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. அவருக்குத் தேவை கால் நடக்கும் தூரம்.

நேரத்தோடு இதைச் சேர்க்க இயலாது. ‘இரண்டு மணி நேரம், ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்று எழுதினால் காக்கையின் வேகத்தைக் கணக்கிட வேண்டியதாகிவிடும்.

சாலையே இல்லாத இடத்திலும் தொடருக்கு வேலை இல்லை. வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிவிப்பில் ‘சென்னைக்குத் தென்கிழக்கே 300 கிலோமீட்டர் தொலைவில்’ என்று வந்தால் அது நேர்க்கோட்டுத் தூரம்தான். வங்கக் கடலின் நடுவே வளைந்து செல்லும் பாதை எதுவும் இல்லாததால் குழப்பத்துக்கு இடமே இல்லை. நிலநடுக்க மையத்தின் தொலைவுக்கும் இது பொருந்தும். அதே நிலநடுக்கச் செய்தியில் ‘மீட்புக் குழுவினர் அந்த மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரத்திலிருந்து புறப்பட்டனர்’ என்று எழுத நேர்ந்தால் மட்டும் நிலைமை மாறுகிறது. அப்போது மனிதர்கள் சாலையில் போகிறார்கள். எந்தத் தூரம் என்று சொல்லியாக வேண்டும்.

இரண்டு தூரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் சமவெளியிலும் தொடர் வீணாகிறது. சென்னையிலிருந்து மதுரை நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். சாலையில் சுமார் 460. இந்த வேறுபாட்டுக்காகக் காக்கையை அழைப்பதில் பயன் குறைவு. கொடைக்கானலையும் மூணாறையும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. நேராகப் பார்த்தால் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால் மலையிலிருந்து இறங்கி, தேனி, போடி வழியாகச் சுற்றி, மீண்டும் மலை ஏறி மூணாறு சேர 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. தொடர் பிறந்ததே இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்: மலை, ஆறு, கடற்கழி, சதுப்பு நிலம்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் இடம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹம்பர் முகத்துவாரம். வடகரைக்கு அருகே ஹல் நகரமும் தென்கரைக்கு அருகே கிரிம்ஸ்பி நகரமும் உள்ளன. இடைவெளி நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். 1981-க்கு முன்பு அங்கே படகில் கடக்க வேண்டும், இல்லையேல் மேற்கே வெகுதூரம் சென்று ஆற்றைக் கடந்து 100 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவர வேண்டும். 1981 ஜூன் 24 அன்று ஹம்பர் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இரு தூண்களுக்கு இடையே 1,410 மீட்டர் நீளம் தொங்கும் அப்பாலம் 1998 வரை அந்த வகையில் உலகிலேயே நீளமானதாக விளங்கியது. ஒரே நாளில் சாலைத் தூரம் பாதிக்கும் கீழே இறங்கியது. காக்கையின் தூரமோ ஓர் அடிகூட மாறவில்லை. எந்தத் தூரம் மனிதர் கட்டுவதையும் இடிப்பதையும் பொறுத்தது, எந்தத் தூரம் பொறுத்ததன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் அறியேன்.

சட்டத்தில் காக்கை

அன்றாடப் பேச்சில் தோராயமாக வழங்கும் இத்தொடர், சட்டத்தின் வாசலில் வந்து நிற்கும்போது திடீரென்று கனம் பெறுகிறது. பிரிட்டனின் 1978-ஆம் ஆண்டு விளக்கச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, எந்தச் சட்டத்தின் நோக்கத்துக்காகவும் தூரத்தை அளக்கும்போது, மாறான நோக்கம் வெளிப்பட்டாலன்றி, கிடைத்தளத்தில் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1897-ஆம் ஆண்டு பொது வாசகங்கள் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் மத்தியச் சட்டங்களுக்கு இதையே விதிக்கிறது. ‘கிடைத்தளத்தில்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மலைச்சரிவின் ஏற்ற இறக்கத்தைக்கூட விட்டுவிட்டு, வரைபடத்தில் தெரிகிற தட்டையான கோட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குப் பொருள். சட்டம் காக்கையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வழக்கறிஞரிடம் போகிற ஆங்கிலேயர் அதை விளங்கிக்கொள்வது அந்தத் தொடரால்தான்.

சட்டம் ஏன் சாலைத் தூரத்தை விட்டு நேர்க்கோட்டை நாடுகிறது? 2016 டிசம்பர் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு அரசு ஒரு தரப்பாக இருந்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு அந்த அளவு 220 மீட்டராகத் திருத்தப்பட்டது. அப்போது கேரளத்தில் ஒரு மதுக்கூடத்தின் முன்னே சுவர்களை மடித்து மடித்து எழுப்பி, உள்ளே நுழைகிறவர் வளைந்து வளைந்து நடந்து செல்லும் பாதையை அமைத்த செய்தி நாடெங்கும் வெளியானது. கட்டடம் நெடுஞ்சாலையிலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை; நடக்கும் தூரம் மட்டும் கூடிவிட்டது. நடைத் தூரத்தைச் சுவர் வைத்து நீட்டிவிடலாம். நேர்க்கோட்டை யாராலும் நீட்ட முடியாது. சட்டங்கள் நேர்க்கோட்டை விரும்புவதற்கான காரணம் இந்த ஒரு நிகழ்வில் முழுவதுமாக அடங்கிக் கிடக்கிறது.

ஆனால் எங்கும் நேர்க்கோடே நியாயம் என்று எண்ணிவிடவும் கூடாது. இங்கிலாந்தில் பள்ளி இடங்கள் குறைவாகவும் விண்ணப்பங்கள் அதிகமாகவும் இருக்கும்போது, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொண்டு முன்னுரிமை தருவது வழக்கம். பல உள்ளாட்சி அமைப்புகள் அதை நேர்க்கோட்டில் அளக்கின்றன. அதே பிள்ளைக்கு அரசுச் செலவில் பேருந்து வசதி உண்டா என்று பார்க்கும்போது அளவுகோல் மாறிவிடுகிறது. எட்டு வயதுக்குக் கீழே 2 மைல், அதற்கு மேல் 3 மைல் என்ற வரம்பு, பிள்ளை நடந்துபோகக் கூடிய மிக அருகிலுள்ள வழியில் அளக்கப்படுகிறது. ஒரே வீடு, ஒரே பள்ளி, இரண்டு வேறு தூரங்கள். பெற்றோர் ஒருவர் ‘வீ லிவ் ஒன் பாயின்ட் நைன் மைல்ஸ் அவே ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்று அலுவலகத்தில் சொன்னால், எந்தக் கணக்குக்கு எந்தத் தூரம் என்பதை அவர் அறிந்திருக்கிறார் என்று பொருள். இந்தியாவிலும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் 2010-இல் வந்த மத்திய விதிகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர் என்று வகுத்தபோது ‘நடக்கும் தூரம்’ என்றே குறிப்பிட்டன. ஆற்றுக்கு அக்கரையில் அரைக் கிலோமீட்டரில் தெரிகிற பள்ளி, பாலமில்லாத ஊரின் ஆறு வயதுக் குழந்தைக்கு அருகில் இருப்பதாக ஆகாது.

ஏன் காக்கை?

இத்தொடர் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில அச்சில் காணப்படுகிறது. அக்காலக் கப்பல்களில் காக்கைகளைக் கூண்டில் கொண்டுபோய், கரை தெரியாதபோது பறக்கவிட்டு, அவை போகும் திசையில் கப்பலைச் செலுத்தினார்கள் என்றும், தொடர் அங்கிருந்து வந்தது என்றும் ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் அதை வகுப்பில் உண்மையாகக் கற்பிக்க நான் இசைய மாட்டேன். பறவையைக் கொண்டு கரை தேடிய வழக்கம் மெய்யாகவே பழமையானது: ஐஸ்லாந்தின் குடியேற்ற வரலாற்றில் ஃப்ளோக்கி என்பவர் மூன்று அண்டங்காக்கைகளைப் பறக்கவிட்டு நிலம் கண்ட கதை வருகிறது, பௌத்த ஜாதகக் கதை ஒன்றில் வணிகர்களின் கப்பலில் திசை காட்டும் காக்கை இருக்கிறது, எங்கு பறந்தும் கரை காணாமல் மரக்கலத்தின் கூம்புக்கே திரும்பிவரும் பறவையாகத் தம்மைப் பாடினார் குலசேகர ஆழ்வார். இவை எல்லாம் இருந்தும், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சுத் தொடர் ஒன்று அவற்றிலிருந்து பிறந்தது என்று காட்ட அவை போதா.

எளிய விளக்கம் வயல்வெளியில் இருக்கிறது. ஆங்கிலக் கிராமத்தார் ‘க்ரோ’ என்று பொதுவாக அழைத்த பறவைகளில், கூட்டமாக வாழும் ரூக் என்ற இனமும் அடங்கும். இரை தேடும் நேரத்தில் அவை இங்குமங்கும் அலைகின்றன. அந்த வகையில் காக்கை நேராகப் பறப்பதில்லை என்று மறுப்பவர்கள் சொல்வது சரியே. ஆனால் அந்தியில் அடையும் மரங்களை நோக்கித் திரும்பும்போது வேலியையும் ஓடையையும் பொருட்படுத்தாமல் வரிசையாக ஒரே திசையில் செல்கின்றன. நம் ஊர் வானத்திலும் மாலையில் இதைக் காணலாம். வளைந்து நெளியும் வண்டிப்பாதையில் நடந்துகொண்டிருந்த உழவர் தலைக்கு மேலே அந்தக் கோட்டைப் பார்த்திருப்பார். தொடருக்கு அது போதும்.

மற்ற ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குக் காக்கை தேவைப்படவில்லை. பிரெஞ்சுக்காரர் ‘பறவையின் பறத்தலில்’ என்கிறார்கள். சுவீடியர் ‘பறவை வழி’ என்கிறார்கள். ஜெர்மானியர் ‘வான்கோடு’ என்று பறவையையும் நீக்கிவிட்டார்கள்.

அண்டைத் தொடர்களோடு குழப்பிக்கொள்ளாமை

‘எ ஸ்டோன்ஸ் த்ரோ’ என்பது நம் கல்லெறி தூரமே. அது அருகில் இருப்பதைச் சொல்கிறது; எண் எதையும் கேட்பதில்லை. ஆகவே ‘மிக அருகில்’ என்று சொல்ல விரும்புகிறவர் காக்கையை நாடக் கூடாது. காக்கைத் தூரம் பத்து மைலாகவும் இருக்கலாம், ஆயிரம் மைலாகவும் இருக்கலாம். அருகாமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தமிழில் ‘கூப்பிடு தூரம்’ என்ற அருமையான வழக்கு இருக்கிறது. அதன் இனமும் கல்லெறியின் இனமே தவிர, காக்கையின் இனம் அன்று. சிலர் ‘ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்பதற்குக் கூப்பிடு தூரம் என்று பெயர்த்திருப்பதைப் படித்திருக்கிறேன். அது பொருளையே மாற்றிவிடுகிறது.

‘பீலைன்’ என்ற தேனீயின் கோடும் நேர்க்கோடுதான். மகரந்தமும் தேனும் சுமந்த தேனீ கூட்டுக்கு நேராகத் திரும்பும் என்ற நோக்கிலிருந்து அது வந்தது. ஆனால் அது அளவைக் குறிக்காது, செயலைக் குறிக்கும். விருந்தில் நுழைந்தவுடன் ஒரு குழந்தை இனிப்பு மேசையை நோக்கி நேரே ஓடினால் ‘மேட் எ பீலைன்’ என்பார்கள். காக்கைக்கு மைல் கணக்கு உண்டு, தேனீக்கு இல்லை.

அளந்து பார்ப்பது

தொடரை எழுதுவதற்கு முன் எண்ணைச் சரிபார்ப்பது கடமை. கூகுள் மேப்ஸில் கணினியில் ஓர் இடத்தின் மீது வலது சொடுக்குச் செய்தாலும், கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தாலும், தூரத்தை அளக்கும் வசதி கிடைக்கும். அது காட்டுவது நேர்க்கோட்டுத் தூரம். வழிகாட்டும் பகுதி காட்டுவது சாலைத் தூரம். இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். காகித வரைபடமானால் அளவுகோலே போதும்: 1:50,000 அளவில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வடக்கு தெற்காக உள்ள இரண்டு ஊர்களுக்கு, அட்சரேகை வேறுபாட்டைப் பாகையில் எடுத்து 111-ஆல் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோமீட்டர் கிடைத்துவிடும். கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் தொலைவுக்கு மட்டும் தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைக்கக் கூடாது. உலகம் உருண்டை, லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மிகக் குறுகிய வழி கிரீன்லாந்தின் தென்பகுதி வழியாகச் செல்கிறது, வரைபடத்தில் அது வில்லாக வளைந்து தெரியும்.

தமிழில் கொண்டுவருவது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைவாழிடத்துச் சுற்றுலாக் கையேட்டின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் பணி என்னிடம் வந்தது. ஆங்கில மூலத்தில், அருவி விடுதியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் என்றும், கூடவே நமது காக்கைத் தொடரும் இருந்தன. தமிழில் காக்கை இல்லை. ‘அருவி விடுதியிலிருந்து 9 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது’ என்று மட்டும் இருந்தது. மொழிபெயர்த்தவர் தேர்ந்தவர், தொடரை அழகுக்காகச் சேர்த்த ஒன்றாகக் கருதி நீக்கியிருந்தார். சாலை வழியே அந்த அருவி 26 கிலோமீட்டர், அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில். மாலை நான்கு மணிக்கு வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ‘ஒன்பதுதானே’ என்று ஒரு குடும்பம் புறப்பட்டிருந்தால், திரும்பும் முன் மலையில் இருட்டியிருக்கும். இத்தொடரை நீக்குவது வேறு, அலங்காரச் சொல் ஒன்றை நீக்குவது வேறு என்பதை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

நீக்கக் கூடாது என்றால் எப்படிப் பெயர்ப்பது? ‘காக்கை பறப்பதுபோல் ஒன்பது கிலோமீட்டர்’ என்பது தமிழ் வாசகருக்கு எதையும் சொல்லாது. நம் மொழியில் காக்கைக்கு விருந்தினர் வருகையோடும் முன்னோருக்கு வைக்கும் சோற்றோடும் உறவு உண்டு, தூரத்தோடு இல்லை. ‘வான்வழித் தூரம்’ என்பது ஓரளவு வழக்கில் உள்ள சொல். எனினும் விமானப் பயணத்தை நினைவூட்டும் இடர் அதில் இருக்கிறது. விமான நிலையம் உள்ள இரு நகரங்களைப் பற்றிய செய்தியில் அதைத் தவிர்ப்பதே நல்லது. ‘நேர்க்கோட்டில்’ என்பது எங்கும் ஏற்றது. அறிவியல் கட்டுரைக்கும் சட்டக் குறிப்புக்கும் அதற்கு மேல் வேண்டியதில்லை. கதையிலோ உரையாடலிலோ வந்தால், ‘குறுக்கே பறந்துபோக முடிந்தால் ஒன்பது கிலோமீட்டர்தான்’ என்று பேச்சின் இயல்போடு சொல்லலாம். பறத்தலும் போகவில்லை, காக்கையும் இடறவில்லை. பழமையான நடை வேண்டிய இடத்தில் ‘ஆகாய மார்க்கமாக’ என்பது விமானத்தையே குறித்துவிடும் என்பதால் அதை நான் கையாள்வதில்லை.

மூலத்தில் சாலைத் தூரம் தரப்படாமல் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் தாமாக ஓர் எண்ணைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். இலக்கியத்தில் கூடாது. பயணக் கையேட்டில், பதிப்பாளரிடம் கேட்டு, சரிபார்த்துச் சேர்க்க வேண்டும் என்பேன். வாசகர் அந்த எண்ணை நம்பி வண்டியில் ஏறப்போகிறார். அந்தக் கையேட்டின் வாக்கியம் கடைசியில் இப்படி அச்சானது: ‘அருவி, விடுதியிலிருந்து நேர்க்கோட்டில் 9 கிலோமீட்டர், மலைச்சாலை வழியாக 26 கிலோமீட்டர், காரில் ஒன்றரை மணி நேரம். பிற்பகல் இரண்டு மணிக்குள் புறப்படவும்.’